டப்ளினா, சான் ரமோனா, பிளசன்டனா, லிவர்மோரா?

சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும். கூப்பர்டினோவும் சன்னிவேலும் எட்டாத உயரம். ஃப்ரீமான்ட் எட்டினாலும் கொடுக்கிற காசுக்குக் கிடைப்பது பழைய, சின்ன வீடு. அடுத்து வரும் பெயர் ட்ரை-வேலி. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே சுமார் 35 மைலில், மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், அமடோர், லிவர்மோர், சான் ரமோன் என்ற மூன்று பள்ளத்தாக்குகள் ஒட்டிக் கிடக்கின்றன. டப்ளின், சான் ரமோன், பிளசன்டன், லிவர்மோர் எல்லாம் அங்கேதான். டேன்வில்லும் அங்கேயே இருக்கிறது. அதன் விலையைப் பார்த்தபின் அதை இந்தப் பேச்சில் சேர்க்க மனம் வரவில்லை.

இந்த ஊர்களை ஒப்பிட உட்காருகிறவர்கள் முதலில் திறப்பது பள்ளி ரேங்கிங். நான் அதைக் கடைசியில் வைப்பேன். டப்ளின், சான் ரமோன், பிளசன்டன் மூன்றிலும் பள்ளிகள் நன்றாகவே இருக்கின்றன. ஒன்றுக்கு 10, இன்னொன்றுக்கு 9 என்று போட்டிருந்தால், அதில் பாதி அங்கே படிக்கும் பிள்ளைகளுடைய பெற்றோரின் படிப்புக்கும் சம்பளத்துக்கும் கிடைத்த மதிப்பெண். ஊருக்கு ஊர் நிஜமாக மாறுவது இரண்டு விஷயங்கள். மலையைத் தாண்டி வேலைக்குப் போகும் வழி எது? வீடு எந்தக் காலத்தில் கட்டியது?

முதலில் வழி. பள்ளத்தாக்கிலிருந்து வெளியேறும் வாசல்கள் ரொம்பக் குறைவு. மேற்கே 580 நெடுஞ்சாலை, டப்ளின் கேன்யன் வழியாக ஓக்லாந்து பக்கம். தெற்கே 680 நெடுஞ்சாலை, சுனோல் மேட்டைத் தாண்டி ஃப்ரீமான்ட், சான் ஹோசே. வடக்கே அதே 680, வால்நட் கிரீக். கிழக்கே ஆல்டமான்ட் கணவாய். தினமும் எல்லோரும் இதே நான்கு வாசல்களில்தான் முண்டியடிக்கிறார்கள். அலுவலகம் எந்த வாசலுக்கு அந்தப் பக்கம் என்பதைச் சொன்னால், எந்த ஊர் என்று பாதி முடிவு செய்துவிடலாம்.

அலுவலகம் சான் ஃபிரான்சிஸ்கோ டவுன்டவுனிலா? டப்ளினுக்கு நிகர் இல்லை. 1997-இல் பார்ட் ரயில் இங்கே வந்து சேர்ந்தது. 2011-இல் மேற்கு டப்ளினுக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. கிழக்கு நிலையம்தான் தடத்தின் முனை என்பதால் காலையில் உட்கார இடம் நிச்சயம். ஏறத்தாழ 50 நிமிடத்தில் டவுன்டவுனின் எம்பார்கடேரோ நிலையம். இதே தடத்தை நம்பி சான் ஹோசே போகப் பார்ப்பவர்களும் உண்டு. பே ஃபேர் வரை மேற்கே போய், இறங்கி, வண்டி மாறி, திரும்பத் தெற்கே இறங்க வேண்டும். ஒரு வாரம் போய்ப் பார்த்தவர்கள் காருக்கே திரும்பிவிடுவார்கள்.

சாண்டா கிளாரா, சான் ஹோசே பக்கம் வேலை என்றால் பிளசன்டன். சுனோல் மேட்டுக்கு மிக அருகே இருக்கும் ஊர் அதுதான். ஏஸ் என்கிற ஆல்டமான்ட் ரயிலும் அங்கே நிற்கிறது. காலையில் சான் ஹோசே நோக்கி, மாலையில் திரும்பி. வண்டிகள் மிகச் சில. மதியம் பள்ளியிலிருந்து "குழந்தைக்குக் காய்ச்சல்" என்று அழைப்பு வந்தால் ஏஸ் உதவாது. ஒர்க்டே, வீவா போன்ற நிறுவனங்களின் தலைமையகங்கள் பிளசன்டனிலேயே இருப்பதால், வாசலையே தாண்டாமல் வேலை பார்க்கும் அதிர்ஷ்டசாலிகளும் இருக்கிறார்கள்.

சான் ரமோனில் ரயில் கிடையாது. ஒரு காலத்தில் ஓடிய ரயில் பாதை இப்போது அயர்ன் ஹார்ஸ் என்ற நடைபாதை. மாலை நடைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை, ஆனால் வேலைக்குக் கொண்டுபோய் விடாது. பிஷப் ராஞ்ச் அலுவலக வளாகத்தை நம்பித்தான் அந்த ஊர் இந்த அளவு வளர்ந்தது. அங்கே தலைமையகம் வைத்திருந்த செவ்ரான், ஹூஸ்டனுக்குப் போவதாக 2024-இல் அறிவித்துவிட்டது. ரென்சோ பியானோ வடிவமைத்து 2018-இல் திறந்த சிட்டி சென்டர், சனிக்கிழமை மாலையில் நம்மவர் கூட்டத்தால் நிரம்பி வழிகிறது. வேலை போன இடத்தில் உணவகங்கள் வந்தால் ஊர் உயிரோடு இருக்கும்தான். ஆனால் "பக்கத்திலேயே ஆபீஸ்" என்று ரியல்டர் சொன்னால், எந்த ஆபீஸ் என்று கேளுங்கள்.

இனி வரி. புதிதாக வருபவர்கள் சறுக்குவது இங்கேதான். கலிஃபோர்னியாவில் 1978-இல் நிறைவேறிய புரொப்போசிஷன் 13-இன்படி, வீட்டு வரி வாங்கிய விலையில் 1 சதவீதம். அதன் மேல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட கடன்பத்திரங்களுக்கு ஒரு சிறு தொகை. வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறும். நகராட்சிகளின் கையில் காசு வறண்டது. புதுக் குடியிருப்புகளுக்குச் சாலை, பள்ளி, பூங்கா கட்டும் செலவை அங்கே வாங்குபவர்களின் தலையிலேயே வைக்க 1982-இல் ஒரு சட்டம் வந்தது, அதுதான் மெல்லோ-ரூஸ். அந்த வரியோடு ஹெச்.ஓ.ஏ. என்கிற குடியிருப்புச் சங்கத்தின் மாதச் சந்தாவும் சேர்ந்தால், விலை குறைந்த புது வீடு விலை கூடிய பழைய வீட்டைவிட மாதச் செலவில் அதிகமாகிவிடும். பத்திரத்தில் இருக்கும் விலையை மட்டும் ஒப்பிடுவது வீண் வேலை.

இந்தக் கணக்கில் மேற்கு டப்ளினும் கிழக்கு டப்ளினும் இரண்டு தனி ஊர்கள். கிழக்கே பளபளப்பான டவுன்ஹவுஸ் வரிசைகள், உயரமான கூரை, கைவீச்சு தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். 2010-இல் 46,036 பேர் இருந்த ஊரில் 2020-இல் 72,589 பேர். கூடியவர்களில் பெரும்பங்கு கிழக்கேதான். பள்ளி கட்டும் வேகத்தை ஜனம் மிஞ்சியது. எமரால்டு உயர்நிலைப் பள்ளி வரும்வரை ஊர் முழுக்கப் பெரிய உயர்நிலைப் பள்ளி ஒன்றுதான். மேற்கே 1960-களில் கட்டிய ஒற்றை மாடி வீடுகள்: தாழ்ந்த கூரை, கொல்லைப்புறத்தில் எலுமிச்சை மரம், மெல்லோ-ரூஸ் இல்லை, பார்ட் நிலையமும் அருகே. பழைய குளியலறையைப் பார்த்து முகம் சுளிக்காதவர்களுக்கு இந்த நான்கு ஊர்களிலேயே சிறந்த பேரம் இதுதான் என்பது என் கட்சி.

சான் ரமோனின் புதுப் பகுதி டோஹர்ட்டி வேலி. மொத்தம் 11,000 வீடுகளுக்குத் திட்டமிட்டது. தமிழ், தெலுங்கு கேட்காத தெரு அங்கே அபூர்வம். கிழக்கு டப்ளின்போலவே அங்கும் சிறப்பு வரிகள் உண்டு. வரி ரசீதை வரிவரியாகப் படிக்க வேண்டும். பள்ளியில் போட்டி கடுமை. எட்டாம் வகுப்பிலேயே கல்லூரிப் பேச்சு. அதைத் தாங்கும் பிள்ளையா என்பது பெற்றோருக்குத்தான் தெரியும்.

பிளசன்டன் தன்னை அவ்வளவு சீக்கிரம் வளரவிடவில்லை. மொத்தம் 29,000 வீடுகளுக்கு மேல் கூடாது என்று 1996-இல் வாக்களித்தே வரம்பு போட்டார்கள். 2010-இல் நீதிமன்றம் அதைத் தள்ளியது. அந்தக் கட்டுப்பாட்டின் பலன் மெயின் ஸ்ட்ரீட்டின் மர நிழலில் தெரிகிறது, விலையிலும் தெரிகிறது. வாரக் கடைசியில் நடந்து போய் காபி குடிக்க ஒரு கடைத்தெரு வேண்டும் என்பவர்கள் அதற்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும்.

லிவர்மோர்தான் இவற்றில் மலிவு, இவற்றிலேயே உண்மையான ஊரும் அதுதான். 1883-இல் தொடங்கிய திராட்சைத் தோட்டங்கள், 1901 முதல் எரிவதாகச் சொல்லப்படும் தீயணைப்பு நிலைய பல்பு, 1952-இல் வந்த தேசிய ஆய்வுக்கூடம். ஆய்வுக்கூட வேலைகள் பலவற்றுக்குப் பாதுகாப்பு அனுமதியும் அதற்குக் குடியுரிமையும் வேண்டும் என்பதால் ஹெச்-1பி விசாக்காரர்கள் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். 1986-இல் கும்பாபிஷேகம் கண்ட சிவா-விஷ்ணு கோவில் இங்கேதான். மற்ற மூன்று ஊர்க்காரர்கள் விசேஷ நாளில் பார்க்கிங்குக்கு அலையும்போது லிவர்மோர்வாசிகள் நடந்தே வந்து பொங்கல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். பள்ளிகளின் ரேங்கிங் மற்ற மூன்றுக்கும் ஒரு படி கீழே. வெயில் ஒரு படி மேலே: 2022 செப்டம்பரில் 116 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவின் மூடுபனி மலையைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்து சேர்வதில்லை; ஏசி இல்லாத வீடு என்றால் யோசியுங்கள்.

பார்ட்டுக்காக லிவர்மோர் மக்கள் 1960-களிலிருந்து வரி கட்டுகிறார்கள். ரயிலை அங்கே நீட்டும் திட்டத்தை 2018-இல் பார்ட் வாரியம் நிராகரித்தது. இப்போது வேலி லிங்க் என்ற வேறு ரயிலைப் பற்றிப் பேசுகிறார்கள். வந்தால் நல்லது, வரும் என்று எண்ணி வீட்டு விலையில் ஒரு டாலர்கூட ஏற்றிக் கொடுக்காதீர்கள்.

ஐந்தாவதாக மவுன்டன் ஹவுஸை எல்லோரும் கேட்பார்கள். ஆல்டமான்டின் காற்றாலைகளுக்கு அந்தப் பக்கம், 2024-இல்தான் முறையாக நகரமானது. டப்ளினில் டவுன்ஹவுஸ் வாங்கும் காசுக்கு அங்கே தோட்டத்தோடு தனி வீடு. சிறப்பு வரிகள் அங்கேயும் உண்டு. வாரத்துக்கு ஒரு நாள் ஆபீஸ் போனால் போதும் என்று கணவன் மனைவி இருவருக்குமே இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஒருவருக்காவது மூன்று நாள் என்றால் வேண்டாம். ஒரு நாள் என்று எழுதிக் கொடுத்த கம்பெனி அதை மூன்று நாளாக்க ஒரே ஒரு மின்னஞ்சல் போதும். வீட்டுக்கடனோ முப்பது வருடம்.