முழு த்ராட்டிலில் ஓட்டிக் காட்டினால் நம்பிவிடாதீர்கள்

டெக்சஸில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பழைய செஸ்னா 172எம் சிறு விமானம் வைத்திருக்கிறோம். 1974 மாடல், லைகமிங் ஓ-320 இன்ஜின். போன ஏப்ரலில் ஐடிலில், அதாவது இன்ஜின் மிக மெதுவாக ஓடும்போது, குலுங்க ஆரம்பித்தது. மடியில் வைத்த பேனா உருண்டு விழும், அந்த அளவுக்கு. வேகம் கூட்டினால் சரியாகிவிடும்.

இந்த வேலையை நாமே தனியாகச் செய்ய அனுமதி இல்லை, உரிமம் பெற்ற மெக்கானிக் செய்ய வேண்டும், அல்லது அவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தவர் கவுலிங்கை (இன்ஜின் மூடியை) திறந்த ஐந்தாவது நிமிடம் "கார்புரேட்டர் போச்சு" என்றார். கார்புரேட்டர் ஓவர்ஹால், நான்கு புது இன்டேக் கேஸ்கெட் (சிலிண்டருக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் குழாயின் இணைப்பை அடைக்கும் தகடு), கூலி எல்லாம் சேர்த்து 1,900 டாலர். வண்டியை ஒப்படைக்கும்போது முழு த்ராட்டிலில் ஓட்டிக் காட்டினார். துளி நடுக்கம் இல்லை.

அங்கேதான் ஏமாந்தோம். த்ராட்டில் என்பது இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் கதவு. அதை மூடியிருக்கும்போது இன்டேக் குழாய்க்குள் உறிஞ்சல் அதிகம். கேஸ்கெட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் பெட்ரோல் குறைந்துபோகும். த்ராட்டிலை முழுக்கத் திறந்தால் உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான், கசிவு இருப்பதே தெரியாது.

சரி, ஐடிலும் கொஞ்சம் தேவலையாகத்தானே இருந்தது? ஆமாம், ஐடில் மிக்ஸ்சரை, அதாவது ஐடிலில் காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை, திருகிக் கூட்டி வைத்திருந்தார். கசிகிற சிலிண்டர் சமாதானமானது, மற்ற மூன்றிலும் எரிபொருள் மிஞ்சிக் கரி படிந்தது. இரண்டே மாதத்தில் பிளக்குகள் கன்னங்கரேல். விமானி அறையில் இருக்கும் மிக்ஸ்சர் குமிழை மெதுவாக இழுத்து இன்ஜினை அணைக்கும்போது ஆர்பிஎம் 50-க்கு மேல் ஏறினால் ஐடிலில் எரிபொருள் அதிகம் என்று அர்த்தம். எங்களுடையது 150 ஏறியது. இதை அன்றைக்கே பார்த்திருக்கலாம், செலவில்லாத சோதனை.

அப்புறம் ஓய்வு பெற்ற, ஆனால் உரிமம் உள்ள மெக்கானிக் பெரியவர் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்தார். மூன்றாம் சிலிண்டருக்கு அடியில், குழாயின் ஃபிளாஞ்ச் (போல்ட் போடும் தட்டை விளிம்பு) ஓரமாக வெளிறிய நீலக் கறை. 100 எல்எல் என்ற விமானப் பெட்ரோலில் கலக்கும் சாயம் அது. வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தை கார்புரேட்டர் வாயில் வைத்து, த்ராட்டிலைத் திறந்து, சோப்புத் தண்ணீர் தெளித்தார். அதே இடத்தில் நுரை பொங்கியது.

கழற்றினால் உள்ளே பழைய கேஸ்கெட்! அதன் மேல் சிலிகான் பசை, பெட்ரோலில் ஊறி நகத்தால் வழிக்க வந்தது. போல்ட்டைக் கண்டபடி முறுக்கியதில் ஃபிளாஞ்சின் ஒரு காது வளைந்திருந்தது. பெரியவர் அதைச் சமதளத்தில் வைத்துத் தேய்த்து, புது கேஸ்கெட் போட்டு, டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்கினார். மிக்ஸ்சரைப் பழையபடி குறைத்ததும் குலுக்கல் நின்றது. கேஸ்கெட் விலை சில டாலர்தான்.

வேலைக்கு விடும்போதே "கழற்றிய பாகங்களைத் திருப்பித் தாருங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். நாங்கள் கேட்கவில்லை. பில்லையும் அந்தப் பழைய கேஸ்கெட்டையும் எடுத்துக்கொண்டு போய் முதல் மெக்கானிக்கின் மேசையில் வைத்தோம். நான்கு கேஸ்கெட்டின் காசை மட்டும் திருப்பித் தந்தார். கார்புரேட்டரா? "அது எப்படியும் ஒருநாள் செய்ய வேண்டியதுதானே" என்றார்.