28 அறை மாத்திரை டப்பா, ஆறு மாதம் கழித்து

அப்பாவுக்கு பார்க்கின்சன் வந்து ஏழு வருடம் ஆகிறது. அவருக்காக வாங்கிய டப்பா இது. வாரத்துக்கு ஏழு நாள், நாளுக்கு நாலு அறை, கூடவே ஒரு அலாரம், விலை 340 ரூபாய்.

முதலில் மூடி. கை நடுங்குகிறவர்களுக்குத்தானே இதை வாங்குகிறோம், அதைப் போய் நகத்தால் நெம்பித் திறக்கிற மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். முதல் நாளே ஒன்றைத் திறக்கப் போக, பக்கத்து மூடியும் சேர்ந்து திறந்து மாத்திரையெல்லாம் கட்டிலுக்கு அடியில் உருண்டது. அப்புறம் ஒவ்வொரு மூடியிலும் நாடாத் துண்டு ஒட்டினேன், இப்போது இழுத்தால் வருகிறது.

நாலு அறையும் எங்களுக்குப் போதவில்லை. பார்க்கின்சனுக்கு அப்பா போடுகிற லெவோடோபா மாத்திரை ரத்தத்தில் ரொம்ப நேரம் நிற்காது, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும், அதனால் டாக்டர் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று ஐந்து வேளை எழுதியிருக்கிறார், அரை மணி தாமதமானாலே அப்பாவுக்குக் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். ஐந்தாவது வேளைக்கு ஒரு பழைய திருநீற்று டப்பா. இன்னொன்று, இந்த மாத்திரை ஈரம் பட்டால் கறுக்கும். வாரத்துக்கும் சேர்த்து உரித்துப் போடாதீர்கள், அட்டையோடு கத்தரித்துப் போடுங்கள். உரித்துக் கொடுக்க ஆள் வேண்டியிருக்கும், எங்கள் வீட்டில் அது அம்மா.

நல்லது என்று சொன்னால், சண்டை குறைந்தது. முன்பெல்லாம் அம்மா ஒரு தடவை, அக்கா போனில் ஒரு தடவை, நான் ஒரு தடவை "மாத்திரை போட்டாச்சா"ன்னு கேட்போம், அப்பாவுக்குக் கோபம் வந்து போடாமலேயே "போட்டாச்சு" என்பார், இல்லையென்றால் மறந்துபோய் இரண்டாம் தடவை போட்டுக்கொள்வார். இப்போது அம்மா வீடியோ காலில் டப்பாவைக் காட்டுகிறார். அறை காலி, பேச்சு முடிந்தது.

அலாரம் சுத்த வேஸ்ட். அது பாட்டுக்குக் கத்தி அடங்கும், அப்பா திரும்பியும் பார்ப்பதில்லை. அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடவே பல வருடம் ஓடிய கண்டக்டர் மாமா தினமும் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் போன் போட்டு, "அண்ணே, பத்து மணி வண்டி, போலாம் ரைட்!" என்பார். அப்பா சிரித்துக்கொண்டே போட்டுக்கொள்வார். பங்குனி உத்திரத்துக்கு மாமா பழனிக்கு நடந்து போன வாரம், அலாரம் ஒழுங்காகத்தான் அடித்தது, ஆனால் இரண்டு நாள் பத்து மணி அறை அப்படியே இருந்தது. விஷயம் தெரிந்ததும் மாமா வழியில் நின்றே போன் போட ஆரம்பித்தார்.

டப்பாவுக்கு ஐந்துக்கு மூன்று. மூடியைச் சரிசெய்து ஐந்து அறை வைத்தால் நாலு தரலாம். அலாரம் இல்லாதது நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள்.