நோய் தணிந்த பிறகு நாள் முழுவதும் என்ன செய்வது? கிளப்ஹவுஸும் அதன் மாற்றுவழிகளும்: ஓர் ஒப்பீடு

கடுமையான மனநோயிலிருந்து தேறி ஒருவர் வீடு திரும்பிய சில வாரங்களில், குடும்பத்தினரின் கவலை மருந்திலிருந்து வேறொன்றுக்கு மாறிவிடுகிறது. காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன, உறக்கம் சீராகிவிட்டது, மாத்திரைகளும் வேளை தவறாமல் உள்ளே போகின்றன. ஆனால் காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை, அவரை எதிர்பார்த்துக் காத்திருப்பவரும் எவரும் இல்லை. மனச்சிதைவும் இருமுனைக் கோளாறும் பெரும்பாலும் படிப்பு முடிந்து வேலை தொடங்கும் வயதில்தான் தலைகாட்டுகின்றன என்பதால், பலருக்கு மீண்டும் போய் உட்கார ஒரு பழைய நாற்காலிகூட இருப்பதில்லை. இந்த வெறுமையைச் சரிசெய்ய முயலும் நான்கு வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்: கிளப்ஹவுஸ் (மனநோயிலிருந்து தேறியவர்களும் பணியாளர்களும் சேர்ந்து நடத்தும் இல்லம்), பகல்நேர சிகிச்சை மையம், வீடு தேடி வரும் சிகிச்சைக் குழு, நேரடியாக வேலையில் அமர்த்தும் முறை. வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒரே சேவையின் கிளைகள்போலத் தெரியலாம். ஆனால் நோயுற்றவரை யாராகப் பார்ப்பது என்பதிலேயே அவை வேறுபடுகின்றன.

கிளப்ஹவுஸ் பிறந்த விதமே அதன் இயல்பைச் சொல்லிவிடும். 1940களில் நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்ட் அரசு மனநல மருத்துவமனையிலிருந்து வெளியேறிய சிலர், ‘நாங்கள் தனியாக இல்லை’ என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்டு ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கத் தொடங்கினார்கள். 1948இல் நியூயார்க் நகரில் அவர்களுக்கென ஒரு வீடு அமைந்தது. அதன் தோட்டத்தில் இருந்த நீரூற்றே அந்த வீட்டுக்கு ஃபவுண்டன் ஹவுஸ் என்ற பெயரைத் தந்தது. 1955இல் பொறுப்பேற்ற ஜான் பியர்ட் என்ற சமூகப் பணியாளரின் காலத்தில்தான், உறுப்பினர்களும் பணியாளர்களும் தோளோடு தோள் நின்று அந்த இடத்தை நடத்துவது என்ற இன்றைய வடிவம் உறுதிப்பட்டது. இந்த முறையைப் பின்பற்றும் இல்லங்களுக்கான சர்வதேச அமைப்பு 1994இல் உருவானது. இன்று 30க்கும் மேற்பட்ட நாடுகளில் 300க்கும் மேற்பட்ட இல்லங்கள் இயங்குகின்றன.

உள்ளே நடப்பது என்ன? சமையல், கணக்கு, வரவேற்பு, செய்திமடல், தோட்டம் என்று வேலைகள் பிரிவுகளாகப் பிரிந்திருக்கும். காலையில் ஒவ்வொரு பிரிவும் கூடி அன்றைய வேலைகளைப் பேசிப் பகிர்ந்துகொள்ளும். இங்கே கவனிக்க வேண்டியது, பணியாளர்களின் எண்ணிக்கை வேண்டுமென்றே குறைவாக வைக்கப்படுகிறது என்பதுதான். உறுப்பினர்கள் கைகொடுக்காவிட்டால் மதிய உணவு தயாராகாது. அது ஒரு பயிற்சிக்கான பாவனை இல்லை, உண்மையாகவே தயாராகாது. ஒருவர் வராதபோது வேலை தேங்குவதால், அவர் வராததை மற்றவர்கள் உணர்கிறார்கள், அழைத்து விசாரிக்கிறார்கள். மாதக்கணக்கில் யாருக்கும் தேவைப்படாமல் இருந்த ஒருவருக்கு, ‘இன்றைக்கு நீங்கள் இல்லாமல் கஷ்டமாகிவிட்டது’ என்ற ஒரு தொலைபேசி அழைப்பு என்ன செய்யும் என்பதை எந்த அளவுகோலிலும் முழுமையாகப் பதிவு செய்ய முடியாது என்றே நான் நம்புகிறேன்.

உறுப்பினராவது அவரவர் விருப்பம். உறுப்புரிமைக்குக் காலவரையறை கிடையாது. மீண்டும் நோய் முற்றி மருத்துவமனைக்குப் போய்த் திரும்பினாலும் இடம் அப்படியே இருக்கும். மருந்து வழங்குவதோ உளவியல் சிகிச்சை அளிப்பதோ அந்த இல்லத்துக்குள் நடக்காது. உறுப்பினர்கள் மட்டும் கூடும் கூட்டமும் இல்லை, பணியாளர்கள் மட்டும் கூடும் கூட்டமும் இல்லை. இவையெல்லாம் 37 நெறிமுறைகளாக எழுதப்பட்டு, அவற்றின்படி நடக்கும் இல்லங்களுக்கே அங்கீகாரம் வழங்கப்படுகிறது.

பகல்நேர சிகிச்சை மையத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஏதுமில்லை. குழு ஆலோசனை, கைவினை, மருந்துக் கண்காணிப்பு ஆகியவற்றைக் கொண்ட அட்டவணையைப் பணியாளர்கள் தயாரிப்பார்கள், வருபவர் பங்கேற்பார். மருத்துவமனையிலிருந்து வெளிவந்த முதல் சில வாரங்களில், அறிகுறிகள் இன்னும் நிலையாகாத கட்டத்தில், அருகில் மருத்துவர் இருக்கிறார் என்பது பெரிய ஆறுதல். அந்தக் கட்டத்தில் கிளப்ஹவுஸைவிட இதுவே பொருத்தம். ஆனால் அதே அட்டவணை ஆண்டுக்கணக்கில் நீளும்போது, வருபவர் நோயாளியாக இருப்பதில் தேர்ச்சி பெறுகிறாரே தவிர, வேறு எதிலும் தேர்ச்சி பெறுவதில்லை.

வீடு தேடி வரும் குழு 1970களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் உருவானது. லியோனார்ட் ஸ்டைனும் மேரி ஆன் டெஸ்ட்டும் அவர்களுடைய சகாக்களும், மருத்துவமனையில் கிடைக்கும் கவனிப்பை அப்படியே நோயாளியின் வீட்டுக்கும் தெருவுக்கும் கொண்டுபோக முடியுமா என்று முயன்றார்கள். மனநல மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் ஆகியோர் கொண்ட குழுவில் ஏறக்குறைய பத்து பேருக்கு ஒரு பணியாளர் என்ற விகிதம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பணியாளர் மட்டுமல்ல, முழுக் குழுவுமே பொறுப்பு. சிகிச்சையை நிறுத்திவிட்டு அடிக்கடி மருத்துவமனைக்குத் திரும்புபவருக்கும், வீட்டை இழந்தவருக்கும், எந்த மையத்தின் வாசலையும் மிதிக்க மறுப்பவருக்கும் இந்தக் குழுவே கதி. கிளப்ஹவுஸ் இங்கே போட்டியிடவே முடியாது, ஏனெனில் அதற்கு அவர் தானாக வந்து சேர வேண்டும். எனினும் இரண்டு விஷயங்களை மறந்துவிடக் கூடாது. மேடிசனில் அந்தத் தீவிரக் கவனிப்பு நின்றபோது, கிடைத்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. இரண்டாவதாக, குழு வீட்டுக்கு வந்து போன பிறகு வீடு மறுபடியும் அமைதியாகிவிடுகிறது. அது பாதுகாப்பைத் தருகிறது. தோழமையைத் தர அது வடிவமைக்கப்படவில்லை.

உண்மையான போட்டி நான்காவது வழியோடுதான். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் ஆகியோர் வளர்த்தெடுத்த நேரடி வேலையமர்வு முறை, ‘முதலில் தயாராகட்டும், பிறகு வேலை தேடலாம்’ என்ற பழைய எண்ணத்தைத் தலைகீழாக்கியது. வேலை செய்ய விரும்புகிறேன் என்று சொன்னால் போதும். நோயின் கடுமையைக் காரணம் காட்டி எவரையும் விலக்குவதில்லை. சில வாரங்களுக்குள், அவருடைய விருப்பத்துக்கு ஏற்ற, எல்லோரும் விண்ணப்பிக்கும் சாதாரண வேலைகளிலேயே தேடல் தொடங்குகிறது. வேலை கிடைத்த பிறகும் ஆதரவு தொடர்கிறது.

இதன் ஆதாரம் வலுவானது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஐரோப்பாவின் ஆறு நகரங்களைச் சேர்ந்த 312 பேரில் இந்த முறைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினர் 18 மாதங்களில் ஏதேனும் ஒரு வேலையில் சேர்ந்திருந்தார்கள். வழக்கமான தொழிற்பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 28 விழுக்காட்டினரே சேர்ந்திருந்தார்கள். கிளப்ஹவுஸுக்கு இப்படி இரு குழுக்களை ஒப்பிடும் ஆய்வுகள் மிகக் குறைவு என்பதை அதன் ஆதரவாளர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், நானும் ஒப்புக்கொள்கிறேன்.

கிளப்ஹவுஸ் தரும் இடைக்கால வேலை வேறு வகையானது. வெளி நிறுவனம் ஒன்றிடமிருந்து அந்தப் பணியிடத்தைப் பெறுவது கிளப்ஹவுஸ்தான். உறுப்பினர் வாரத்துக்கு 15 முதல் 20 மணி நேரம், ஆறு முதல் ஒன்பது மாதங்கள்வரை அங்கே பணியாற்றி, வேலை தரும் நிறுவனத்திடமிருந்தே ஊதியம் பெறுவார். அவரால் போக முடியாத நாளில் இல்லத்திலிருந்து மற்றொருவர் போய் வேலையை முடிப்பார். நேர்முகத் தேர்வை நினைத்தாலே கைகால் நடுங்குபவருக்கு இது எளிதான முதல் படி. ஆனால் வேலை அவருடையது ஆகாது, காலம் முடிந்ததும் அடுத்தவருக்குப் போய்விடும். வேலைக்கு இன்றே தயார் என்று உறுதியாக இருப்பவரை இந்த வழியில் சுற்றவைப்பது அநியாயம். அவர் நேராக நான்காவது வழிக்குப் போகட்டும். நெறிமுறைகள்படி நடக்கும் இல்லம் நிரந்தர வேலை தேடவும் உதவ வேண்டும் என்பதால், அதைக் கேட்டுப் பெறும் உரிமையும் உறுப்பினருக்கு உண்டு.

மறுபுறம், வேலை நேரம் முடிந்த பிறகு மாலைப் பொழுதும் விடுமுறை நாளும் இருக்கின்றன. வேலை போய்விட்டால் திரும்பி வந்து சேர ஓர் இடம் வேண்டியிருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் பகல்நேர மையங்களை மூடிவிட்டு நேரடி வேலையமர்வுக்கு மாறியபோது வேலைக்குப் போனவர்கள் கூடினார்கள், ஆனால் பழகிய கூட்டத்தை இழந்ததாக வருந்தியவர்களும் இருந்தார்கள். மாசசூசெட்ஸில் ஒரு கிளப்ஹவுஸையும் வீடு தேடி வரும் குழுவையும் நேருக்கு நேர் வைத்து நடத்திய ஆய்வில், கிளப்ஹவுஸ்காரர்கள் பெற்ற வேலைகள் கூடுதல் காலம் நிலைத்தன, ஊதியமும் மேலாக இருந்தது. எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள் என்று மட்டும் எண்ணினால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

கிளப்ஹவுஸ் மீது எனக்கு ஒரு குறையும் உண்டு. இல்லத்துக்குள் செய்யும் வேலைக்கு ஊதியம் கிடையாது. ஊதியம் வந்துவிட்டால் அது தொழிற்கூடமாகி, உறுப்பினர் கூலியாளாகிவிடுவார் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் குடும்பத்தின் வறுமை அழுத்தும்போது, நாள் முழுவதும் உழைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவது எளிதல்ல. அப்படிப்பட்டவருக்குத் தோழமையைக் காட்டி வருமானத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

நெருங்கியவர் ஒருவருக்காகக் கிளப்ஹவுஸைப் பார்க்கப் போகிறவர்கள், சுவரில் தொங்கும் சான்றிதழைவிட அடுக்களையைப் பார்க்கட்டும். காய் நறுக்குவது யார், கணக்கெழுதுவது யார், வாசலில் வந்து வரவேற்பது யார் என்று கவனிக்கட்டும். உறுப்பினர்கள் சோபாவில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்க, பணியாளர்கள் ஓடியாடி எல்லாவற்றையும் முடித்துக்கொண்டிருந்தால், அது பெயர் மாற்றிய பகல்நேர மையம்தான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: மூன்று நாட்கள் வராத உறுப்பினர் ஒருவரை இந்த வாரம் யார் அழைத்தார்கள்?