ஐந்தாம் நம்பர் வுட்டும் ஆடிக்காற்றும்: நான்கு வருட அனுபவம்

கோல்ஃபில் தரையில் கிடக்கும் பந்தைத் தூரமாக அடிக்கும் கிளப், அதாவது மட்டை, இந்த ஐந்தாம் நம்பர் ஃபேர்வே வுட். என் பைக்குள் வந்து நான்கு வருடம் தாண்டிவிட்டது. வாங்கிய வாரமே எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். புது கிளப் கையில் இருக்கும்போது நன்றாகப் போன பந்துகள்தான் மனதில் நிற்கும். வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில், உப்புக்காற்றில், அறுத்துப் போட்ட வயலில் அடித்துப் பார்த்த பிறகு சொல்ல வேண்டியது வேறு.

எங்கே அடிக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு நாகர்கோவிலில். மாதம் இரண்டு முறை, உறுப்பினரான ஒரு நண்பருடன், திருவனந்தபுரம் கவடியாரில் இருக்கும் ஒன்பது ஹோல் (குழி) கோல்ஃப் மைதானத்துக்குப் போவேன். சுமார் 70 கிலோமீட்டர். மார்த்தாண்டம் நெரிசலுக்கு முன்னால் கடந்துவிட விடியுமுன்னே கிளம்ப வேண்டும். மற்ற நாட்களில் மொட்டைமாடிதான். குளச்சலில் வாங்கிய மீன்வலையை இரண்டாக மடித்துக் கட்டி, கீழே கயிற்றுப்பாய் விரித்திருக்கிறேன். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்தால், அடுத்த போகமான கன்னிப்பூவுக்கு உழும்வரை, பூதப்பாண்டிப் பக்கம் மாமாவின் வயல் கிடைக்கும். இந்த கிளப்பின் குணம் எனக்குத் தெரிந்தது அந்த வயலில்தான்.

முன்பு என்னிடம் மூன்றாம் நம்பர் வுட் இருந்தது. அதன் லாஃப்ட், அதாவது பந்தில் படும் முகத்தின் சாய்வு, 15 டிகிரி, இதற்கு 18. ஷாஃப்டும் (தண்டும்) இதில் அரை அங்குலம் குட்டை. கேட்க அற்ப வித்தியாசம். ஆனால் ஒரு மாதம் நோட்டுப் போட்டு எழுதினேன். மூன்றாம் நம்பரில் சரியாகப் பட்டால் பந்து 200 கெஜம் போகும். ஆனால் பத்தில் நான்கு தடவைதான் அப்படிப் பட்டது. மீதி ஆறும் தரையோடு உருண்டன, இல்லையென்றால் வலப்பக்கம் வளைந்தன. ஐந்தாம் நம்பரில் 185 கெஜம்தான். ஆனால் பத்தில் ஏழெட்டு மேலே எழும்பிப் போய் 170க்குக் குறையாமல் விழுந்தன. என் வேகத்தில் வீசுகிறவனுக்கு 15 டிகிரி முகம் தரையில் கிடக்கும் பந்தைத் தூக்கிக் கொடுப்பதில்லை. டீயில், அதாவது பந்தை ஏற்றி வைக்கும் சிறு குச்சியில், வைத்து அடிப்பதென்றால் சரி. பையில் 14 கிளப்புக்கு மேல் வைக்க விதி இடம் தராது. அதனால் மூன்றாம் நம்பர் வுட்டோடு மூன்றாம் நம்பர் அயர்னையும் (மெல்லிய உலோகத் தலை மட்டை) பையிலிருந்து எடுத்துவிட்டேன். இந்த ஒன்றே அந்த இரண்டு வேலையையும் பார்க்கிறது.

புல்லில் புதைந்த பந்துக்கு இதுதான் என் முதல் தேர்வு. நீள அயர்னின் மெல்லிய கழுத்தைப் புல் சுற்றிப் பிடித்து முகத்தைத் திருப்பிவிடும். இதன் அடிப்பாகம் படகின் அடிபோல வளைந்திருப்பதால் புல்லை அமுக்கிக்கொண்டு வழுக்கிப் போகிறது. எடை கீழேயும் பின்னாலும் இருப்பதால் பந்து உடனே எழும்புகிறது. மழை விட்ட காலையில் கவடியாரில் இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

வயல் வேறு கதை. அறுப்பு முடிந்து பத்து நாள் வெயில் பட்டால் மண் இறுகிவிடும். அதில் அடிப்பாகம் பட்டுத் துள்ளி, முகத்தின் கீழ்விளிம்பு பந்தின் நடுவயிற்றில் இடிக்கும். பந்து முழங்கால் உயரத்தில் பறக்கும். "மக்கா, மண்ணத் தோண்டாம அடி, கேட்டியா" என்று மாமா வரப்பில் நின்று சொன்னார். வயலுக்காகச் சொன்னதுதான், ஆனால் எனக்கு அதுவே சரியான பாடமாக அமைந்தது. பந்தை ஒரு பந்தளவு பின்னே தள்ளி வைத்து, பந்தை முதலில் தொட்டுவிட்டு மண்ணை லேசாக உரசிப் போகும்படி அடிக்கப் பழகினேன். இரண்டு அறுப்புக்காலம் ஆயிற்று. கட்டாந்தரையில் ஆடுகிறவர்களுக்கு இவ்வளவு அகலமான அடிப்பாகத்தை நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றை இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதே அதற்காகத்தான். அவற்றிலிருந்து வெகுதூரம் தள்ளி, நண்பர் ஒருவரின் தரிசு நிலத்தில் எதிர்க்காற்றில் அடித்தேன். 185 கெஜம் 140 ஆனது. பந்து பின்சுழற்சியோடு போகிறது. எதிர்க்காற்றில் அந்தச் சுழற்சி அதை இன்னும் மேலே தூக்கும், பந்து நின்று செங்குத்தாக விழும். லாஃப்ட் கூடின கிளப்பில் இந்தத் தொல்லை அதிகம். கழுத்தில் உள்ள திருகை மாற்றி லாஃப்டை ஒன்றரை டிகிரி குறைத்துப் பார்த்தேன். பந்து தாழ்ந்தது உண்மை. ஆனால் அப்படிக் குறைக்கும்போது முகமும் சற்றுத் திறந்துகொள்கிறது. வலக்கைக்காரனான எனக்கு எல்லாமே வலப்பக்கம் போயின. பழைய இடத்துக்கே திருப்பிவிட்டு, கிரிப்பில் (கைப்பிடி ரப்பரில்) இரண்டு விரல் கீழே பிடித்து முக்கால் வீச்சில் அடிக்கிறேன். 155 வருகிறது, நேராக வருகிறது.

இது எவ்வளவு உழைக்கும் என்பதைப் பற்றி. வுட் என்று பெயர், தலை எஃகு. முன்பு பெர்சிமன் மரத்தில் கடைந்தார்கள். 1979ல் டெய்லர்மேட் கம்பெனி உலோகத் தலையோடு டிரைவர் (டீயிலிருந்து அடிக்கும் நீளமான வுட்) கொண்டுவந்த பிறகு மரம் மெல்ல ஒதுங்கியது. நம் ஊர் ஈரத்தில் மரத்தலை ஊதிப் பிளந்திருக்கும். எஃகும் தப்பவில்லை. இரண்டாம் வருடம் முகத்துக் கோடுகளில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. அன்றிலிருந்து ஆட்டம் முடிந்ததும் உலரத் துடைத்து, துணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பூசுகிறேன். புள்ளி பெருகவில்லை. திருகுதான் எனக்கு வருத்தம் தந்தது. வியர்வையும் உப்பும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு, கழற்ற ஒரு முழுநாள் ஆனது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள். கார்பன் ஷாஃப்டில் ஒரு குறையும் இல்லை.

கிரிப் மூன்று வருடத்தில் கல்லாய் இறுகிவிட்டது. மாற்றக் கொடுத்த கடையில் கோணலாக ஏற்றித் தந்தார்கள். அதை அறுத்தெறிந்துவிட்டு, இருபக்க ஒட்டும் டேப்பும் டர்பன்டைனும் வைத்து நானே ஏற்றினேன். அரைமணி நேர வேலை. குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் காய்வதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ரப்பரைத் தொட்டே அதன் ஆயுள் தெரியும். விரலுக்கு வழுவழுவென்று பட்டால் மாற்றிவிட வேண்டும், வெடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

ஏழாம் நம்பர் வுட் வாங்கச் சொல்லி நண்பர் வற்புறுத்துகிறார். அது 21 டிகிரி. கவடியார் புல்லில் இன்னும் சுலபமாக எழும்பும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆடிக்காற்றில் இன்னும் மூன்று டிகிரி எனக்கு வேண்டாம். அந்தப் பணத்துக்கு மூன்று கிரிப் வாங்கி வைத்திருக்கிறேன், எல்லாம் இதற்குத்தான்.