அல்சூரில் அங்கன்வாடியும் அரசு எல்.கே.ஜி.யும்: ஐந்து ஆண்டு அனுபவம்

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் நாங்கள், எங்கள் பிள்ளைகள் இருவரையும் அரசு மையங்களிலேயே சேர்த்தோம். மூத்தவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த அங்கன்வாடியில் மூன்று ஆண்டுகள் இருந்தாள். இளையவன் ஓராண்டு வேறோர் அங்கன்வாடியிலும், அடுத்த ஆண்டு அரசுப் பள்ளியோடு இணைந்த எல்.கே.ஜி.யிலும் இருந்தான்.

முதல் மையம் ஒற்றை அறைதான். சமையலும் அதன் ஓரத்திலேயே நடந்தது. ஆனால் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் அறிந்தவர். கர்நாடக அங்கன்வாடிகளின் 'சிலிபிலி' பாடத்திட்டத்தின்படி வாரந்தோறும் ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு பாட்டு, கதை, விளையாட்டு என்று நகர்த்துவார். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த என் மகள் முதல் மாதம் முழுவதும் வாயே திறக்கவில்லை. அந்த டீச்சர் பாலைக் காட்டிக் கன்னடத்தில் 'ஹாலு' என்றும், பூவைக் காட்டி 'ஹூவு' என்றும் சொல்லிவிட்டு, தமிழ்ச் சொல்லையும் அவளிடமே கேட்டு வாங்குவார். சில வாரங்களில், நம் 'ப' அங்கே 'ஹ' ஆகிறது என்பதை யாரும் விளக்காமலே பிடித்துக்கொண்டு, புலியை 'ஹுலி' என்று அவளாகவே சொன்னாள். அன்று எனக்கிருந்த மகிழ்ச்சி பெரிது. நம் பகுதியில் தமிழ், தெலுங்கு, உருது பேசும் வீடுகள் கலந்திருப்பதால், நான் முதலில் பார்ப்பது டீச்சர் பிள்ளையின் வீட்டு மொழியை எப்படி நடத்துகிறார் என்பதைத்தான்.

உணவில் குறை சொல்ல முடியாது. மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் தரவேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் விதித்திருந்தது (2023-இல் இந்த அளவுகள் திருத்தப்பட்டன). பாலும் முட்டையும் எங்களுக்கு ஒழுங்காகவே கிடைத்தன.

இரண்டாவது மையத்தில் கட்டடம் நன்றாக இருந்தும் கற்பித்தல் தேய்ந்தது. டீச்சரைப் பாதி நாள் காண முடியாது: கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல் வேலை, பிள்ளைகளின் ஊட்டச்சத்து விவரங்களுக்காக 2021-இல் வந்த போஷண் டிராக்கர் செயலியில் பதிவு. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது ஆயம்மாதான். அவர் அன்பானவர், ஆனால் சமையலும் அவருடையதே. இதற்கு அந்த டீச்சரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் மேல் இத்தனை பதிவேடுகளைச் சுமத்தினால் பாட்டுச் சொல்ல நேரம் எங்கே இருக்கும்?

எல்.கே.ஜி.யில் ஆசிரியர் நாள் முழுவதும் வகுப்பில் இருந்தார். அது பெரும் நிம்மதி. ஆனால் நான்கு வயதிலேயே வரிசையாக உட்கார்ந்து எழுத வைத்தார்கள். என் மகன் விரல் வலிக்கிறது என்று அழுதிருக்கிறான். அரசுப் பள்ளிகளில் இவ்வகுப்புகளைத் திறந்தால் தங்கள் மையங்கள் காலியாகும் என்று 2024-இல் அங்கன்வாடிப் பணியாளர்கள் போராடியபோது, அவர்கள் பக்க நியாயம் எனக்குப் புரிந்தது. எழுதுவதைத் தள்ளிப்போட்டுப் பேசவும் பாடவும் வைப்பதில் அந்த ஒற்றை அறை மையம்தான் தேர்ந்திருந்தது.

சேர்க்க நினைப்பவர்கள், சேர்க்கை நாளில் போகாமல், சாதாரணமான ஒரு வேலை நாளில் காலை பதினொரு மணிக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். டீச்சர் இருக்கிறாரா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, பிள்ளைகளின் குரல் கேட்கிறதா என்று கவனியுங்கள். மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. அந்த முதல் மையத்து டீச்சரைத் தெருவில் கண்டால் இன்றும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.