பயிற்சிக்கூடமா, நேரடி வேலையா?

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை 18 வயதில் சிறப்புப் பள்ளியை முடித்ததும் பெற்றோருக்கு வரும் குழப்பம் இது: இவர்களுக்கென்றே நடக்கும் தொழிற்பயிற்சிக்கூடத்தில் சேர்ப்பதா, மற்றவர்களோடு சேர்ந்து வெளியே நேரடி வேலைக்கு அனுப்புவதா?

வருமானம்: பயிற்சிக்கூடத்தில் காகித உறை, மெழுகுவர்த்தி செய்தால் பெரும்பாலும் சிறு ஊக்கத்தொகைதான். கடையிலோ ஓட்டலிலோ என்றால் மாதச் சம்பளம்.

பாதுகாப்பு: பெரும்பாலும் கூடம்.

கற்றல்: கூடத்தில் உறை ஒட்டப் பழகியவர் கடையில் டப்பா அடுக்கத் தடுமாறலாம். ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதுதான் பலருக்கும் சிரமம். வேலையிடத்திலேயே பயிற்றுநர் கூட நின்று, ஒவ்வொரு படியையும் படமாக ஒட்டிவைத்து, அப்புறம் மெல்ல விலகினால் பிடித்துக்கொள்வார்கள். தனியாக பஸ் ஏறுவதும் இதில் ஒரு பாடம்.

அடிக்கடி வலிப்பு வருபவருக்கு, எப்போதும் ஆள் துணை வேண்டியவருக்குக் கூடம் சரி. தானாகக் கிளம்பி, சொன்ன வேலையைச் செய்பவரை நேரடி வேலைக்கே அனுப்பலாம். கணக்கு வராதது தடையே இல்லை.