ஓமமா, இஞ்சியா, பெருங்காய மோரா: எந்த வயிற்றுக்கு எது?

தை அறுவடை முடிந்து புது அரிசி உலைக்கு வரும் நாட்களில் டெல்டா ஊர்களில் வயிற்று மந்தம் சகஜம். கல்யாணப் பந்திகளும் அதே மாதத்தில் வந்து சேரும். உடனே வீட்டில் யாராவது, “ஏதாவது கஷாயம் வெச்சுக் குடி” என்பார்கள். அந்த ‘ஏதாவது’ எனக்குச் சம்மதமில்லை. உப்புசம் வேறு, குமட்டல் வேறு, நெஞ்செரிச்சல் வேறு. மூன்றுக்கும் ஒரே டம்ளர் சரிப்படாது.

உப்புசமும் சுருட்டிப் பிடிக்கிற வலியும் இருந்தால் என் ஓட்டு ஓமத்துக்கு. மூக்கில் ஏறும் அந்த வாசனைக்குக் காரணம் தைமால் என்ற பொருள். வாயுவைக் கலைப்பதில் இஞ்சியைவிட ஓமம் கை தேர்ந்தது என்றே நினைக்கிறேன். ஒரு சிறு கரண்டி ஓமத்தை வெறும் வாணலியில் வறுத்து, இரண்டு டம்ளர் தண்ணீர் ஒன்றாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டால் போதும். பாட்டிலில் விற்கிற ஓமத் தண்ணீரும் இருக்கிறது. வாங்கினால் சர்க்கரை சேர்த்திருக்கிறார்களா என்று லேபிளைப் பாருங்கள். நான் வீட்டில் வைப்பதையே நம்புவேன்.

சாப்பிட்டது அப்படியே நெஞ்சுக்குக் கீழே நிற்கிறது, குமட்டுகிறது என்றால் ஓமம் ஒதுங்கட்டும், இஞ்சி வரட்டும். இந்தக் கூட்டத்தில் ஆய்வுகளின் பலம் அதிகம் உள்ளது இஞ்சிக்குத்தான். கர்ப்பகாலக் குமட்டலுக்கு அது உதவுவதை மனிதர்களிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தோலைச் சீவி, தட்டிப் பிழிந்து, சாற்றைக் கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளையாகப் படிவதை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் தேனோடு எடுக்க வேண்டும். சுக்கு இன்னும் காரம். உலரும்போது இஞ்சியிலுள்ள ‘ஜிஞ்சரால்’ என்ற பொருள் ‘ஷோகால்’ என்ற இன்னொரு பொருளாக மாறுவதால் வருகிற காரம் அது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தினமும் இஞ்சி குடிக்க வேண்டாம்.

நெஞ்செரிச்சல்காரர்களுக்கு இரண்டுமே எதிரி. எரிகிற இடத்தில் காரத்தை ஊற்றி என்ன பயன்? இங்கே நீர்மோர் ஜெயிக்கும், அதுவும் பச்சை மிளகாய் இல்லாமல், ஒரு சிட்டிகை பெருங்காயத்தோடு. பந்தியில் கடைசியாக மோர் வருவது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஆனால் கடையில் வாங்குவது பெரும்பாலும் மாவு கலந்த கூட்டுப் பெருங்காயம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனிக்க வேண்டும்.

பிரண்டைத் துவையல் வலிக்கு இல்லை, பசி எடுக்காதவர்களுக்கு. எண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்க்காவிட்டால் நாக்கு அரிக்கும். அப்புறம் தீபாவளி லேகியம். கும்பகோணம், தஞ்சாவூர் நாட்டு மருந்துக் கடைகளில் சுக்கு, கண்டந்திப்பிலி, சித்தரத்தை எல்லாம் சேர்த்துப் பொட்டலமாகவே வாங்கலாம். ஆனால் வெல்லம் நிறைய சேரும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஆகாது.

கைக்குழந்தைக்கு வசம்பு உரைத்துக் கொடுப்பதை மட்டும் நான் ஒப்பிடவே மாட்டேன், நிறுத்தச் சொல்வேன். அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் எலிகளில் கட்டிகளை உண்டாக்கியது. 1968-லேயே அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனும் வேண்டாம்.

பெரியவர்களிடம் எனக்குப் பெரிய பயம் ‘வாயுப் பிடிப்பு’ என்ற சொல்தான். நெஞ்சு அழுத்தம் இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் ஓமம் வறுத்துக்கொண்டிருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். வலது அடிவயிற்றில் கூடிக்கொண்டே போகும் வலி, கறுத்த மலம், ரத்த வாந்தி, இவற்றுக்கும் அடுப்பை மூட்ட வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.